புது பிக்கப்புக்கு எந்தப் பூச்சு?

டெலிவரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஷோரூமிலிருந்து போன் வரும். "சார், செராமிக் கோட்டிங் போட்டே கொடுத்துடலாமா? பில்லிலேயே சேர்த்துடறேன்." கடன், இன்சூரன்ஸ், சாலை வரி என்று லட்சங்களில் பேசிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் இருபதாயிரம் முப்பதாயிரம் பெரிதாகத் தெரியாது. பலரும் சரியென்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பணத்துக்கு என்ன பூசினார்கள், அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று பிறகும் கேட்பதில்லை.

மூன்று வருடம் முன்பு கருநீல நிறத்தில் ஒரு டபுள் கேப் பிக்கப் வாங்கினேன். வாரத்தில் நான்கு நாள் கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிப் பக்கத் தோப்புக்கும் ஓடுகிற வண்டி. வெயில், தேங்காய் நார்த் தூசி, போர்வெல் தண்ணீர் மூன்றும் அதற்கு அன்றாடம். ஷோரூமில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பொங்கல் விடுமுறையில் வீட்டிலேயே செராமிக் பூசினேன். அதன்பின் நண்பர்கள் நான்கைந்து பேரின் வண்டிகளுக்கும் கூட நின்று வேலை பார்த்திருக்கிறேன். ஒருவருக்குச் சரியான பூச்சு இன்னொருவருக்கு வீண்செலவாவதைக் கண்ணால் பார்த்தேன். எந்தப் பூச்சு என்பதை முடிவு செய்ய வேண்டியவை மூன்று: வண்டி எங்கே நிற்கிறது, எந்தத் தண்ணீரில் கழுவப்படுகிறது, யார் கை அதைத் துடைக்கிறது.

முதலில் பெயின்ட். நாம் பெயின்ட் என்று சொல்வது நான்கு அடுக்கு. தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்து 100 முதல் 130 மைக்ரான்தான் இருக்கும். அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்தால், நம் வண்டியின் பளபளப்பு முழுக்க முடியின் தடிமன்கூட இல்லாத ஒரு படலத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறை மெஷின் பாலிஷ் போடும்போதும் அதிலிருந்து கொஞ்சம் தேய்ந்து போகும். தேய்ந்தது திரும்பி வராது.

செராமிக் என்று பாட்டிலில் வருவது சிலிக்கா சார்ந்த வேதிப்பொருள். கரைப்பான் ஆவியாகிப் போனதும், காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து கிளியர் கோட்டின் மேல் கண்ணாடி போல இறுகுகிறது. காய்ந்தபின் தடிமன் ஒரு மைக்ரான், மிஞ்சினால் இரண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டால் விளம்பரங்களில் பாதி தானாக உதிர்ந்துவிடும். லாரிச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் ஜல்லியை ஒரு மைக்ரான் படலம் தடுக்காது. சாவியால் இழுத்தால் கீறல் விழும். "9எச் கடினம்" என்று டப்பாவில் போட்டிருப்பது பென்சில் சோதனையின் அளவு. 9எச் பென்சில் முனை கீறவில்லை என்பதே அதன் பொருள். வைரத்துக்கு அடுத்த கடினம் என்று கடைக்காரர் சொன்னால், அவர் வேறொரு அளவுகோலோடு குழப்பிக்கொள்கிறார்.

அப்படியானால் அது என்ன செய்யும்? தூசியும் சேறும் ஒட்டிக்கொள்ளாமல் எளிதில் கழன்று போகும். பறவை எச்சம், பூச்சிக் கறை, மரத்துப் பிசின் இவை கிளியர் கோட்டை அரிக்கும்முன் துடைக்க நமக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். வெயிலில் நிறம் மங்குவது தாமதமாகும். கழுவும் வேலை பாதியாகும். எனக்கு இது போதும் என்று தோன்றியது. உங்களுக்கும் போதுமா என்று முடிவு செய்துகொண்டு மேலே படியுங்கள்.

கடைத்தெருவில் இருப்பவை

வாக்ஸ் பழைய முறை. பிரேசில் நாட்டுப் பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகுதான் இதில் உசத்தி. சிவப்பு, கறுப்பு வண்டிகளுக்கு அது கொடுக்கும் ஆழமான மினுக்கை வேறெதுவும் கொடுப்பதில்லை. ஆனால் சித்திரை வெயிலில் நிற்கும் பானட்டில் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது. ஞாயிறுதோறும் வண்டியோடு நேரம் செலவழிக்கப் பிடித்தவர்களுக்கு உரியது.

டெஃப்லான் கோட்டிங் நம்மூர் ஷோரூம்களில் இன்னும் விற்கிறது. டெஃப்லான் என்ற பொருள் 327 டிகிரியில் உருகுவது. வாணலியில் அதை ஒட்ட வைக்கவே அடுப்புச் சூடு வேண்டும். சாதாரண வெப்பத்தில் துணியால் தேய்த்துப் பெயின்டில் பிணைக்க முடியாது. அந்தப் பெயரில் பூசப்படுவது பெரும்பாலும் சாதாரண பாலிமர் சீலன்ட். ஆறு மாதம் பளபளக்கும். அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

ஸ்பிரே செராமிக்கைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். அது தவறு. கழுவித் துடைத்த வண்டியில் அடித்து, துணியால் பரப்பி, இன்னொரு துணியால் துடைத்தால் முடிந்தது. முக்கால் மணி நேர வேலை. தப்பாகப் பூசினாலும் பெரிய கெடுதல் வராது. நம் வெயிலில் மூன்று நான்கு மாதம் தாங்கும். வருடத்துக்கு மூன்று நான்கு முறை அடிக்கச் சோம்பல் இல்லாதவருக்கு இது நல்ல வழி.

பாட்டில் செராமிக் இரண்டு மூன்று வருடம் தாங்கும் என்று எழுதியிருக்கும். ஒழுங்காகக் கழுவினால் இரண்டு வருடம் நம்பலாம். பூசுவதற்குமுன் பெயின்டைத் தயார் செய்ய ஒரு நாள், பூச அரை நாள், காய ஒரு நாள். கை தவறினால் திட்டுத் திட்டாக இறுகிவிடும், அதை எடுக்க பாலிஷ் மெஷின்தான் வழி.

இதே வேலையை ஸ்டூடியோவில் செய்தால் வண்டியின் அளவையும் அடுக்குகளையும் பொறுத்து இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம்வரை கேட்கிறார்கள். அந்தப் பணம் பாட்டிலுக்கானது இல்லை. தூசியில்லாத கூடம், விளக்கு, பாலிஷ் தெரிந்த கை, இவற்றுக்கானது. ஐந்து வருட வாரன்டி என்றால் நிபந்தனைகளைப் படியுங்கள். வருடாவருடம் பராமரிப்புக்கு அவர்களிடமே பணம் கட்டி வர வேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும்.

கடைசியாக பிபிஎஃப் என்கிற பாதுகாப்புப் படலம். இது பூச்சு இல்லை, 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள ஒட்டும் படலம். கல்லடியைத் தாங்குவது இது ஒன்றுதான். வண்டி முழுக்க ஒட்ட லட்சத்தைத் தொடும். ஆனால் முழுக்க ஒட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு நான் உரக்கச் சொல்வது இதைத்தான்: பானட்டின் முன்விளிம்பு, பின்சக்கரத்துக்கு முன்னால் கதவின் அடிப்பகுதி, கதவுப்படி, லோடு பாடியின் மேல்விளிம்பு இந்த நான்கு இடத்துக்கு மட்டும் துண்டாக வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். கயிறு உரசுவதும், தார்ப்பாய் காற்றில் அடித்துத் தேய்ப்பதும், கீழே இருந்து கல் தெறிப்பதும் அங்கேதான். லோடு பாடியின் உள்பக்கத்துக்கு இவை எதுவும் உதவாது. அங்கே பெட் லைனர் போடுங்கள்.

தண்ணீர்

இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

செராமிக் பூசிய வண்டியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். படம் எடுத்து அனுப்ப அழகாக இருக்கும். ஆனால் அந்த முத்து போர்வெல் தண்ணீராக இருந்து, அது வெயிலில் காய்ந்தால், அதில் கரைந்திருந்த கால்சியமும் மக்னீசியமும் வட்டமாகப் படிந்துவிடும். பூச்சில்லாத பெயின்டில் தண்ணீர் பரவி மெல்லிய படலமாகக் காயும். பூச்சுள்ள பெயின்டில் ஒரே இடத்தில் திரண்டு காய்வதால் கறை அடர்த்தியாக விழும். இரண்டு மூன்று முறை அப்படி வெயிலில் சுட்டுவிட்டால் ஷாம்பூவுக்கு அசையாது. அதாவது நம்மூரின் உப்புத் தண்ணீர்ப் பகுதிகளில், கவனமில்லாமல் கழுவப்படும் செராமிக் வண்டி, பூசாத வண்டியைவிட மோசமாகத் தெரியும். என் கருநீல பானட்டில் முதல் கோடையிலேயே இதைப் பார்த்தேன்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை கரைந்த உப்பு ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. என் வீட்டு போர்வெல் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டபோது 1,400 காட்டியது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மீட்டர் அது. வண்டிப் பூச்சுக்கு நான் வாங்கிய பொருள்களில் மிகவும் பயன்பட்டது அதுதான். உங்கள் தண்ணீர் 300க்குள் இருந்தால் கவலையில்லை. ஆயிரத்தைத் தாண்டினால், வண்டியைக் கழுவியதும் நிழலில் வைத்து உடனே துடைக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதென்றால் பாட்டில் செராமிக் உங்களுக்கு வேண்டாம். ஸ்பிரே போதும்.

இன்னொன்று. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் பலர் அதில் வண்டி கழுவுகிறார்கள். உப்பெல்லாம் திரண்டு வருவது அந்தத் தண்ணீரில்தான். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்கு வேண்டாம். மாறாக ஏசி குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர், காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால், ஏறக்குறைய உப்பே இல்லாதது. இரண்டு ஏசி ஓடும் வீட்டில் ஒரு நாளிலேயே ஒரு குடம் நிறைந்துவிடும். போர்வெல் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசியாக ஏசி தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ மேலிருந்து ஊற்றி அலசினால் கறை பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்தது. ஏற்கெனவே விழுந்த வட்டக் கறைக்கு, வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து நனைத்த துணியை ஒரு நிமிடம் போர்த்தி, பிறகு நன்றாக அலசுங்கள். நிழலில், சூடில்லாத தகட்டில் மட்டும்.

யார் எதை எடுப்பது

நிழலான ஷெட், சுமாரான தண்ணீர், இரண்டு நாள் ஓய்வு, பொறுமையுள்ள கை. இவை இருந்தால் பாட்டில் செராமிக்கை வீட்டிலேயே பூசுங்கள். பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் கிளே பார், இரும்புத் துகள் நீக்கி, துணிகள், 50 மி.லி. பாட்டில் எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்பதாயிரம் ஆனது. வெள்ளை, சில்வர் வண்டி என்றால் இன்னும் தைரியமாக இறங்கலாம். சிறு பிசகுகள் அந்த நிறங்களில் தெரியாது.

தெருவோரம் வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டி, தினமும் லோடு ஏற்றும் வண்டி, வாட்டர் சர்வீஸில்தான் கழுவப்படும் வண்டி. இவற்றுக்கு ஸ்பிரேயும் நான்கு இடத்தில் பிபிஎஃப் துண்டும் போதும். மீதிப் பணத்தில் டயர் வாங்கலாம். வாட்டர் சர்வீஸில் போடும் காரமான சோப்பும், எல்லா வண்டிக்கும் ஒரே துணியும் எந்தச் செராமிக்கையும் சில மாதத்தில் மழுங்கடித்துவிடும்.

கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு வண்டியில் ஏற்கெனவே சிலந்தி வலை போல வட்டக் கீறல்கள் தெரிகின்றன என்றால் ஸ்டூடியோவுக்குப் போங்கள். செராமிக் கீறலை மறைக்காது. கண்ணாடிச் சட்டம் போட்டதுபோல உள்ளே பிடித்து வைத்துக் காட்டும். பூசும்முன் பாலிஷ் போட்டாக வேண்டும். 40 மைக்ரான் கிளியர் கோட் மெஷின் பழகுவதற்கான இடமில்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விடியற்காலையில் ஒருவர் ஒரு வாளித் தண்ணீரும் பழைய பனியன் துணியுமாக வந்து இருபது வண்டியைத் துடைத்துவிட்டுப் போவார். நல்ல மனிதர், அவர் பிழைப்பு அது. ஆனால் தூசியோடு காயத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் தேய்ப்பதுபோலத்தான். அவருக்கு நான்கு மைக்ரோ ஃபைபர் துணி வாங்கிக் கொடுங்கள். அதே மாதச் சம்பளத்துக்கு வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும், மற்ற நாள் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்தப் பூச்சு போட்டாலும் அதன் ஆயுள் அவர் கையில்தான் இருக்கிறது.

வீட்டில் பூசுவதென்றால்

மாதம் முக்கியம். தை, மாசி. கோவையில் ஜனவரிக் காலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். பாட்டிலோடு வரும் தாளில் எழுதியிருக்கும் நேரக்கணக்கு அந்த மாதிரிக் குளிருக்குத்தான் பொருந்தும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள். ஈரக்காற்றில் பூச்சு வேகமாக இறுகும், மழைச் சாரல் பட்டால் கெட்டது. சித்திரை, வைகாசியில் நிழலில்கூடத் தகடு சுடும்.

பெயின்ட் காயவில்லை என்ற பயம் வேண்டாம். தொழிற்சாலையில் 140 டிகிரி அளவுச் சூட்டில் வேக வைத்துத்தான் அனுப்புகிறார்கள். டெலிவரியான மறுநாளே பூசலாம். ஆனால் வழியில் அடிபட்டு ஏதாவது ஒரு பாகத்துக்கு டிங்கரிங், பெயின்ட் ஆகியிருந்தால் அது வேறு கதை. அந்தப் பாகத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் மூச்சு விடக் கொடுங்கள். டெலிவரியின்போது இதை நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

முதல் நாள் கழுவல். புது வண்டிதானே என்று விடாதீர்கள். டிரெய்லரிலும் யார்டிலும் வாரக்கணக்கில் நின்றிருக்கும். இரும்புத் துகள் நீக்கியை அடித்தால் பெயின்டில் பதிந்த நுண்துகள்கள் ஊதா நிறமாகக் கரைந்து வழியும். பிறகு கையில் ஒரு மெல்லிய பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு ஈரமான பானட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு அதில் தெரியும். அந்த இடங்களில் ஷாம்பூத் தண்ணீர் தாராளமாக விட்டு, கிளே பாரை அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். கிளே கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள். காய்ந்தபின் மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பாலிஷைப் பற்றி அப்போது முடிவெடுங்கள். கடைசியாக, தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் முழு வண்டியையும் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் பூச்சு ஒட்டாது.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். நைட்ரைல் கையுறை, கரைப்பான் ஆவியை வடிகட்டும் முகமூடி, திறந்த ஷெட். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், ஊதுபத்தி, அடுப்பு எதுவும் வேண்டாம். இரண்டடிக்கு இரண்டடி இடம் எடுத்துக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாகப் பூசுங்கள். எண்ணெய்ப் படலத்தில் தெரிவதுபோல வானவில் நிறம் எழும்பும். அதுதான் துடைக்க வேண்டிய நேரம். குளிரில் இரண்டு நிமிடம் ஆகும், 30 டிகிரியைத் தாண்டினால் அரை நிமிடம்கூட ஆகாது. ஒரு துணியால் சமன்படுத்தி, இன்னொன்றால் மெருகேற்றி, உடனே டார்ச் அடித்துப் பாருங்கள். கருத்த திட்டு தெரிந்தால் அதே இடத்தில் இன்னொரு துளி விட்டு இளக்கித் துடைத்துவிடலாம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இறுகிவிடும். என் கேபின் கூரையில் வெயில் ஏறியபின் பூசிய ஓரிடத்தில் அப்படி ஒரு திட்டு நின்றுபோனது. பிறகு பாலிஷ் மெஷின்காரரை அழைத்துத்தான் எடுத்தேன். பிக்கப்பின் கூரை உயரம், பானட் அகலம். நல்ல முக்காலி ஒன்று வைத்துக்கொண்டு கூரையை முதலில், வெயில் வருமுன் முடித்துவிடுங்கள்.

பூசிய துணிகளைத் துவைத்து மறுபடி பயன்படுத்தாதீர்கள். அவற்றில் பூச்சு கண்ணாடித் துகளாக இறுகியிருக்கும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பூ கூடாது. இரண்டாவது அடுக்கு வேண்டுமா என்று கேட்கிறார்கள். விட்டுப்போன இடங்களை மூட உதவும், தடிமன் பெரிதாக அதிகரிக்காது. வீட்டு வேலைக்கு ஓர் அடுக்கு போதும்.

பூஜையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் நம் வீட்டில் வண்டி எடுப்பதில்லை, எடுக்கவும் வேண்டாம். ஆனால் புது வெள்ளைப் பெயின்டில் வெயிலோடு காய்ந்த மஞ்சள் கறையாக நிற்கும், எலுமிச்சைச் சாறு அரிக்கும். கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் பொட்டு வையுங்கள். பூஜையை முதலில் முடித்து, அன்று மாலையே கழுவி, அதன் பிறகு பூச்சு வேலையில் இறங்குங்கள்.

அடுத்த வாரம் டெலிவரி என்றால் இன்றைக்கே ஷோரூமுக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். அங்கே அவசர அவசரமாகக் கழுவித் துடைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் விழும் வட்டக் கீறல்கள்தான் புது வண்டியின் முதல் காயம். "என் வண்டியை யாரும் கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், ஒட்டி வந்த நெகிழித் தாளோடு அப்படியே கொடுங்கள்" என்று சொல்லுங்கள். இதற்குக் காசு எதுவும் கேட்க மாட்டார்கள்.